பரீட்சைக் கட்டில்

மூன்று நாளாக மருத்துவ மாணவர்களுக்குப் பரீட்சை நடக்கிறது. அவர்கள் பரிசோதித்துச் சொல்லவேண்டிய நோயாளியாகப் பூங்காவனத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்று. இதுவரை பதினொரு பிள்ளைகள் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டார்கள். பேராசிரியர் கேட்கிற கேள்விகளும் அவருக்குப் பிடித்த பதில்களும் அவளுக்கு மனப்பாடம். பன்னிரண்டாவதாக வந்த ஜெபராணி ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டாமலே அவள் வயிற்றில் வைத்தாள். பூங்காவனம் அவளுடைய வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"பயப்படாத கண்ணு. ஸ்டேஜ் த்ரீ பி, அப்படியே சொல்லு. கிட்னி ரெண்டும் வீங்கியிருக்கு, அதை விட்டுடாத. நேத்து ஒரு பையன் அதை விட்டுட்டுத் திட்டு வாங்கினான்."

ஜெபராணி எதையும் விடவில்லை. பேராசிரியர் தலையாட்டிவிட்டு, அதுவரை யாரிடமும் கேட்காத ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த நிலையில் இருப்பவர் இன்னும் எத்தனை காலம் உயிரோடு இருப்பார்? அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். "வெரி குட்" என்று மார்க்கைக் குறித்துக்கொண்டு அவர் நகர்ந்தார்.

"பாஸாயிட்ட பாரு!" பூங்காவனத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கடைசியா ஏதோ புதுசா கேட்டாரே, அதுக்கு என்ன சொன்ன? எனக்கும் சொல்லிக் கொடு. அடுத்து வர்ற புள்ளைக்குச் சொல்லணும்ல?"

திரைக்கு வெளியே அடுத்த பிள்ளையின் காலடி கேட்டது. ஜெபராணி போர்வையை இழுத்து அவள் வயிற்றை மூடினாள்.

"சீக்கிரம் சொல்லு கண்ணு" என்றாள் பூங்காவனம். கேட்டதும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வதற்காக, வறண்ட உதடுகளை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள்.