வாலுக்குப் பின்னால் தொங்கிய ஒயர்

இருபத்திரண்டாவது தப்படியில் குட்டி விமானத்தின் வால் அசைவதை நிறுத்தியது.

தூக்கிப் பிடித்திருந்த கையை இறக்கினேன். வால் அசையும்வரை கை மேலே, நின்றால் கீழே. அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

ரிமோட்டோடு மைதானத்தின் நடுவில் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த என் கணவர் அப்படியே நின்றார்.

ரிமோட்டின் ஆன்டெனாவை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுத்தான் இப்படி நடந்து பார்ப்பார். அறுபது தப்படி வரை சிக்னல் வந்தால் போதும். பிறகு ஆன்டெனாவை நீட்டினால், கண்ணுக்கு எட்டும் தூரம்வரை விமானம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

போன முறை இந்தச் சோதனையைச் செய்யவில்லை. மழைக்கு முன்னால் பறக்கவிட்டுவிட வேண்டும் என்ற அவசரம். விமானம் ஏரிக்கு மேலே போனது. இவர் திருப்பத் திருப்பத் திரும்பவில்லை. தண்ணீரில் விழுந்து மூழ்கிவிட்டது. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து இவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆறு மாத உழைப்பு தண்ணீரில் போன வருத்தம் என்று நினைத்தேன்.

நான்தான் நச்சரித்துப் புதிதாக ஒன்றைச் செய்ய வைத்தேன். "சரி, ஒரே ஒரு தடவை பாத்துடலாம்" என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது திரும்பி வந்து விமானத்தின் பக்கத்தில் மண்டியிட்டார். மூடியைத் திறந்து பேட்டரியைப் பார்த்தார். அது சரியாக இருந்தது. வால் பக்கம் தடவிக்கொண்டே போன விரல் சட்டென்று நின்றது.

"இங்க ஒரு ஒயர் தொங்கிட்டு இருக்குமே?"

"அதுவா? சும்மா நீட்டிட்டு இருந்துச்சு. நேத்து நறுக்கி விட்டுட்டேன்."

நான் தையல்காரி. எதிலாவது பிசிறு தொங்கினால் என் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டில்கூட யார் சட்டையிலாவது நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பிய்த்துவிடுவேன்.

இவர் கோபப்படவில்லை. விமானத்துக்குக் காதே அந்த ஒயர்தான் என்றார். அதை மடிக்கக் கூடாது, சுருட்டக் கூடாது, ஒரு விரல் அளவுகூடக் குறைக்கக் கூடாது. உள்ளேயிருந்து மிச்சத்தை இழுத்து என் கையில் கொடுத்தார். நாலரைச் சாண் இருக்க வேண்டியது இரண்டு சாண்தான் இருந்தது.

எனக்குப் போன விமானம் ஞாபகம் வந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஏரிக்கு அடியில் கிடக்கிற விமானம் சாட்சி சொல்ல வரப்போவதில்லை.

"ஏங்க, போன விமானத்துலயும் இப்படித்தான் ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு. அதையும் நான்தான் நறுக்கினேன்."

இவர் தலையைத் தூக்கினார்.

"எப்ப? பறக்க விடறதுக்கு முன்னாலயா?"

"அன்னிக்குக் காலைல."

"எவ்வளவு?"

"இதே அளவுதான் இருக்கும்."

"நல்லா ஞாபகம் இருக்கா உனக்கு?"

தலையாட்டினேன். இவ்வளவு நாள் விட்டுவைத்த திட்டெல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருந்தேன்.

இவர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். மடிப்புகள் நைந்து கிழிகிற நிலையில் இருந்தன. பணிமனை மேலாளருக்கு எழுதிய கடிதம். கீழே இவருடைய கையெழுத்து இருந்தது. தேதி போடும் இடம் மட்டும் காலி.

"ஐயா, நான் நினைக்கும் நேரத்தில் என் கை அசைவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வண்டியில் ஐம்பது பேர் வருகிறார்கள். தயவுசெய்து இனி என்னிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்."