காலி இடம்

சட்ட நிறுவனத்தின் பொன்விழா மலருக்குக் குமுதினி வடிவமைத்து அனுப்பிய பக்கங்கள் அத்தனையும் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தன. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. அவள் பார்த்துப் பார்த்து விட்டிருந்த வெற்றிடங்களைத்தான், பத்திரத்தில் அடிப்பதுபோல், மூத்த வழக்கறிஞர் அம்பலவாணன் குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தார். "காலியா விட்டா எவனாச்சும் எதையாச்சும் எழுதிச் சேத்துடுவாம்மா," என்றார். நாற்பது வருடப் பழக்கம். "இது பத்திரம் இல்ல சார். படிக்கிறவங்க கண்ணு கொஞ்சம் உக்காந்து எழுந்திருக்க வேணாமா?" என்றாள் குமுதினி. "ஒரு கோடுகூட வேணாங்கிறியா?" "வேணாம் சார்." முனகிக்கொண்டே ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். மலர் அச்சாகி ஒரு மாதம் கழித்து அவள் அவர் அறைக்குப் போனபோது, அது மேசைமேல் விரிந்து கிடந்தது. அவர் வாதாடித் தோற்ற பழைய வழக்கு ஒன்றைப் பற்றிய பக்கம். அவள் விட்டிருந்த அகலமான ஓரம் முழுக்கப் பென்சிலில் பொடி எழுத்து. அவள் படிப்பதற்குள் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பென்சிலை மட்டும் கீழே வைக்காமல் சொன்னார்: "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, எவனாச்சும் எழுதிடுவான்னு."