பொன்பூச்சில் ஒரு விரல்

போன மழைக்காலத்தில், துணி மடித்துக்கொண்டே என் மருமகள் சொன்னது இது. அப்போது அவள் அச்சுகளுக்குப் பூச்சுப் போடும் ஒரு பட்டறையில் சேர்ந்து மூன்றே வாரம்.

கழுவிய எஃகு அச்சுகளைப் பெட்டிக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். உள்ளே டைட்டானியம் துகள் துகளாகத் தெறித்து, நைட்ரஜன் வாயுவோடு சேர்ந்து, முடியைவிட மெல்லிசாக, பொன்னிறத்தில் படியும். அரம் போட்டாலும் கீறாது. ஆனால் கழுவியதை வெறுங்கையால் தொட்டால் போச்சு. எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பூச்சு நிற்காது.

அன்று ஒரு அச்சு திரும்பி வந்திருந்தது. பூச்சு ஒரு விரல் அளவுக்கு உரிந்து, ரேகை ரேகையாகத் தெரிந்தது.

"யாரு விரல் இது?" முதலாளி மேஜையைத் தட்டினார். "எல்லாரும் மையில விரலை வைங்க. மாட்டினவங்க நாளையிலேருந்து வர வேண்டாம்."

கழுவியபின் நழுவிய அந்த அச்சை மருமகள்தான் சட்டென்று பிடித்தாள், கிழிந்த கிளவுஸோடு. வீட்டில் என் மகனுக்கு அப்போது வேலை இல்லை. வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள்.

"மை எதுக்கு சார்? அது என் விரல்தான்."

சொன்னது பரிசோதனை மேஜை அக்கா. "கிளவுஸ் எங்கடி?" என்று எல்லோரையும் குதறுகிறவள். பட்டப்பெயரே கிளவுஸ் அக்கா.

முதலாளி அவள் கையையே பார்த்தார். "சரி, இனிமே கவனமா இருங்க. எல்லாரும் போங்க."

"ஊருக்குத்தான் உபதேசம்!" வெளியே வந்ததும் கூட வேலை செய்பவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நாமன்னா விடுவாரா? பழைய ஆளுன்னா தனி நியாயம்!"

மருமகள் அக்காவை ஓரமாக இழுத்தாள். "ஏன்க்கா?"

"கிழிஞ்ச கிளவுஸைப் பார்த்தும் மாத்திக் குடுக்காதவ யாரு? நான்தானே. போடி, வேலையைப் பாரு."

மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். அக்காவை நாலு பேர் கேலி பேச, தான் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருப்பதா? வருவது வரட்டும் என்று முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், அது என் விரல்."

"அது அவங்க விரல் இல்லன்னு அப்பவே தெரியும்மா," என்றார், நிமிராமலே. "அவங்க விரல்ல ரேகை ஏது? பத்து வருஷம் இங்க அமிலத்துல கழுவிக் கழுவி அழிஞ்சுபோச்சு. அப்ப கிளவுஸ் வாங்கிக் குடுக்காத பாவி நான். இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டினதில்ல. நான் மட்டும் உன்னை எப்படிம்மா அனுப்புவேன்?"

இன்று நீங்கள் வேண்டிக்கொள்ளும்போது, அந்த அக்காவின் கைகளையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.