பதினோரு மணி டீ

"கெட்டிலை விடுய்யா. அது தடயம்" என்று போலீஸ்காரர் இழுத்தார். டீக்காரர் விடுவதாக இல்லை.

அவர்களுக்குப் பின்னால் கழிவறைக் கதவை யாரோ உள்ளேயிருந்து தாழிட, வெளியே வரிசையில் நின்ற ஐந்தாறு பேர் ஒன்றாக முனகினார்கள். ஊரில் விற்கிற தின்பண்டத்தையெல்லாம் சோதித்து நல்லது கெட்டது சொல்லும் ஆபீஸ் அது. இன்று மதியத்திலிருந்து அந்த ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் தூரம்வரை யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது என்பதால் டாக்டரம்மாவே கிளம்பி வந்திருந்தார்.

"இது தானா வந்ததில்ல, மேடம். வேணும்னே கலந்திருக்கான்" என்றார் பெரிய அதிகாரி. மனிதர் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி இருந்தார். "பதினோரு மணிக்கு இவன் டீயைக் குடிச்சோம். அதைத் தவிர பச்சத்தண்ணி கூட யாரும் தொடலை."

"மத்தியானச் சாப்பாடு?"

"அதுக்குள்ளதான் ஆரம்பிச்சிடுச்சே."

டீக்காரர் கெட்டிலை விடாமலே கும்பிடப் பார்த்தார். "ஐயா, வருஷக்கணக்கா உங்களுக்கு ஊத்துறேன். எனக்கு ரெண்டு பொண்ணு. நான் ஜெயிலுக்குப் போனா அதுங்க தெருவுலதான் நிக்கும்."

"கலக்கறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்."

டாக்டருக்கு அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் சுருண்டு கிடக்க, ஒரே ஒரு வயதான குமாஸ்தா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்க ஆபீஸில் அதுவே சந்தேகத்துக்குரிய விஷயம்தான்.

"நீங்க டீ குடிக்கலையா?"

"ரெண்டு கிளாஸ் குடிச்சேன், மேடம். எனக்கு சுகர், அதனால சர்க்கரை மட்டும் போட்டுக்கலை."

"பாத்தீங்களா? சர்க்கரையிலதான் கலந்திருக்கான்" என்று பெரிய அதிகாரி துள்ளி எழுந்தார். எழுந்தது தப்பு என்று உடனே புரிந்து, மெதுவாக உட்கார்ந்தார்.

டீக்காரர் சர்க்கரை டப்பாவைத் திறந்தார். ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றார். இன்னொரு கை அள்ளினார். மூன்றாவது கைக்கு டாக்டர் தடுத்துவிட்டார்.

"போதும். உங்களுக்கும் சுகர் வந்துடப் போகுது."

பிறகு குமாஸ்தா பக்கம் திரும்பினார். "சர்க்கரையைத் தவிர வேற எதெல்லாம் சாப்பிட மாட்டீங்க?"

குமாஸ்தா பெரிய அதிகாரியைப் பார்த்தார். பெரிய அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

"இனிப்பு எதுவும் தொட மாட்டேன், மேடம். யார் கொடுத்தாலும்."

டாக்டர் குனிந்து, மேஜைக்கடியிலிருந்த குப்பைக்கூடையை இழுத்தார். உடைந்த அரக்கு, அறுத்த நூல், அவற்றுக்கடியில் க்ரீம் ஒட்டிய அட்டைப்பெட்டி. பெட்டியில் எதிர் பேக்கரியின் பெயர் இருந்தது. அதன் மேல் இதே ஆபீஸின் முத்திரை.

"இது சோதனைக்கு எடுத்த சாம்பிள் ஆச்சே. லேபுக்குப் போகலையா?"

பதிலுக்கு வயிறுகள் மட்டும் பேசின.

எதிர்த்த கடையிலிருந்து பேக்கரிக்கார அம்மாவைக் கூட்டிவர போலீஸ்காரருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே வந்தவர், டீக்காரர் நிற்கும் கோலத்தைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார்.

"அவரை விடுங்க. நான்தான் கலந்தேன். பேதி மருந்து."

ஆபீஸே ஒரு கணம் வலியை மறந்தது.

"வாரா வாரம் சாம்பிள், மேடம். சோதனைக்கு ஒரு துண்டு போதும். இவங்க முழுசா ரெண்டு கேக் எடுப்பாங்க. ஒருத்தருக்கு ஆகாதுன்னு சாம்பிளை முட்டையில்லாம செய்யச் சொன்னாங்க. போன மாசம் சாம்பிள் மேல 'பிறந்தநாள் வாழ்த்துகள்'னு எழுதித் தரச் சொன்னாங்க. மாட்டேன்னா கடைக்கு சீல். எத்தனை நாள்தான் பொறுக்கறது? விக்கிற கேக்ல நான் கை வைக்கல. சாம்பிள்ல மட்டும்தான் போட்டேன்."

போலீஸ்காரர் கெட்டிலை விட்டார். டீக்காரர் அதைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டீங்கல்ல? அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. பிடிச்சு உள்ள போடுங்க" என்றார் பெரிய அதிகாரி.

"வர்றேங்க. போறப்ப இதையும் எடுத்துட்டுப் போயிடலாம்" என்று பேக்கரிக்கார அம்மா தன் போனை நீட்டினார். "அந்த சாம்பிளோட ரிப்போர்ட். மத்தியானமே அனுப்பிட்டாங்க."

போலீஸ்காரர் உரக்கப் படித்தார். "லேபில் முறைப்படி சோதிக்கப்பட்டது. கலப்படம் எதுவும் இல்லை. உண்பதற்கு ஏற்றது." கீழே பெரிய அதிகாரியின் கையெழுத்து, இன்றைய தேதியோடு.

போலீஸ்காரர் ஒருமுறை போனைப் பார்த்தார், ஒருமுறை குப்பைக்கூடையைப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"புகாரைச் சொல்லுங்க சார். கெட்டது கேக்கா, ரிப்போர்ட்டா? சாம்பிளை யார் யார் சாப்பிட்டீங்க? மொத்தம் எத்தனை பேருக்கு வயித்துப்போக்கு?"

கழிவறை வரிசை சத்தமில்லாமல் கலைந்து, அவரவர் நாற்காலிக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தது. பெரிய அதிகாரி நெற்றி வியர்வையைத் துடைத்தார். வயிற்றிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வயித்துப்போக்கா? இங்க யாருக்கு?"