டிராப் பண்ணிட்டா!

"சார், அந்த மெசேஜை இன்னொரு தடவை படிங்க. நிறுத்திப் படிங்க."

பஞ்சர் கடை அழகுமலை பதறினார். கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டார். தன் பைக்குக்குப் பஞ்சர் பார்க்க வந்த இங்கிலீஷ் வாத்தியார் ரகுநாத், அழகுமலையின் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"'அங்கிள், வனிதா டிராப்டு மீ. கோயிங் ஹோம்.' அவ்வளவுதாண்ணே இருக்கு."

அனுப்பியது மாப்பிள்ளை சந்தோஷ்குமார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்கு முன்னால் பெண்ணிடம் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அவன் கேட்டதால், வனிதா காலையில்தான் புதுக்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு ஸ்கூட்டியில் போயிருந்தாள்.

"அதுக்கு அர்த்தம் என்ன சார்?"

யாராவது அர்த்தம் கேட்டுவிட்டால் போதும், ரகுநாத் வகுப்பே எடுத்துவிடுவார். "டிராப்புக்கு ஒரே அர்த்தம் இல்லைண்ணே. கீழே போடுறதும் டிராப்தான். வெல எறங்குனாலும் டிராப். டீம்ல ஒருத்தனைச் சேக்காம விட்டாலும் டிராப்..."

"சார், இது எம்மக கல்யாணம். இந்த எடத்துல என்ன அர்த்தம், அதச் சொல்லுங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆளைச் சொல்றப்ப... வேண்டாம்னு கைவிட்டுட்டாங்கன்னுதான் வரும். ஒங்க பொண்ணு மாப்பிள்ளைய வேண்டாம்னு சொல்லிருச்சு. அவரு வீட்டுக்குக் கெளம்பிட்டாரு."

அழகுமலை கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இதற்கு முன் இரண்டு இடம் வந்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "போயிச் சொல்லி விடுறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாக வந்ததோ சிங்கப்பூர் மாப்பிள்ளை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்று திருவரங்குளம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

போனைத் திரும்ப வாங்கி வனிதாவுக்குப் போட்டார். எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டார். சுவிட்ச் ஆஃப்.

"வரட்டும் அவ! ரெண்டெழுத்துப் படிச்ச திமிரு! லேப் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஸ்கூட்டியப் புடுங்கிட்டு வீட்டுல ஒக்கார வைக்கிறேன். சொந்தக்காரங்க மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?"

சத்தம் கேட்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி சுகுணா ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒப்பாரி வைத்துவிடுவாளோ என்று வாத்தியார் பயந்தார். அவளோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் சார், நீங்க ஆட்டோவுலயே போனதில்லையா?"

"ஏம்மா?"

"டவுனுக்குப் போயிட்டு வாரப்பல்லாம் 'கோயிலுக்கிட்ட டிராப் பண்ணிருங்க தம்பி'ன்னு நானே சொல்றேன். அஞ்சாவது தாண்டாத எனக்குத் தெரியிது! மாப்பிள்ளைக்கு இங்க வண்டி ஏது? நம்ம புள்ள ஸ்கூட்டியில கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுருக்கும். அவரு வீட்டுக்குப் போறேன்னு தகவல் சொல்லிருக்காரு. இதுக்குப் போயி ஊரைக் கூட்டுறீங்களே!"

வாத்தியார் போனை மறுபடி வாங்கிப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"அதுவும்... ஒரு அர்த்தந்தான்," என்றார்.

அழகுமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தார். சுகுணாவைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தார். கையோடு சமையல்காரர் ஐயனாருக்குப் போன் போட்டார்.

"ஐயனாரு, வெள்ளிக்கெழமைக்கு எரநூறு எலை. இனிமே மாத்தமில்ல. காய்கறிக்கு இன்னைக்கே சொல்லி விட்ருங்க."

பேசி முடிப்பதற்குள் ஸ்கூட்டி வந்து நின்றது. வனிதா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அழகுமலை கைக் கரியை அவசரமாக லுங்கியில் துடைத்துக்கொண்டே எதிரே போனார்.

"வா ஆத்தா, வா! மாப்பிள்ளைய நீயே டிராப் பண்ணுனியாமே? மெசேஜ் போட்டுருக்காரு. வாத்தியாரு பயமுறுத்திட்டாரு. நல்லவேள, ஒங்கம்மாதான் சரியான அர்த்தம் சொன்னா!"

வனிதா அப்பாவின் கைகளைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல, வெயிலா இருக்கேன்னு, எறக்கித்தாம்ப்பா விட்டேன்," என்றாள். "டிராப் பண்ணது அதுக்கு முன்னாடியே, பேக்கரியில. 'எங்க ஆளுங்க வாரப்ப ஒங்கப்பா பஞ்சர் கடைய மூடிரட்டும், நாலு பேரு முன்னாடி மாமனாருன்னு வந்து நிக்க வேணாம்'னாரு பாருங்க, அப்ப."