சூடானால் நிற்கும் வண்டி

புல்வெட்டும் வண்டி மறுபடியும் நின்றது.

கொழுந்தன் சீட்டிலிருந்து இறங்கி மூடியைத் தூக்கினான். காலையில் இருந்து இதே கூத்து. ஆறியிருந்தால் ஒரே சாவியில் கிளம்புகிறது, சூடேறினால் படுத்துக்கொள்கிறது. பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். காயிலைச் சோதித்தான். எல்லாம் சுத்தம்.

எதிரே, தன் வீட்டுக் குழாயடியில் அவனுடைய அண்ணி துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். போடுவதாகப் பேர். கண்ணெல்லாம் வண்டியின் மேல்தான்.

காலடியில் ஒரு எலிப்பொறி. நீலச் சோப்பின் மூலையை எலி கொறிக்கிறது என்று அவள் ஓயாமல் புலம்பியதற்குப் புருஷன் வாங்கி வைத்தது. "கெட்டிக்கார எலி, சிக்க மாட்டேங்குது" என்று ரொட்டித்துண்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்து மைதானத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட மனுஷன். வீடும் பள்ளியினுடையது, வண்டியும் பள்ளியினுடையது. இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓடாத வண்டியைக் கொடுத்தால் அண்ணன் பேர் கெட்டுவிடும் என்றுதான் தம்பி தன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான்.

என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக வாயைத் திறக்க முடியவில்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வெயிலில் ஒரேயடியாக உட்காராதீர்கள், அடிக்கடி நிழலுக்கு வாருங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே. வண்டியில் ஏறினால் மைதானம் முடியாமல் இறங்க மாட்டார்.

பெட்ரோல் டேங்க் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றுப் போகாது, பெட்ரோல் இறங்காது, கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்றுவிடும். இதை என்றைக்கோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம், மூடியைத் திருகியெடுத்து அந்த ஓட்டையில் மெழுகுவர்த்தியை உருக்கிச் சொட்டவிட்டாள்.

பலித்தது. "சனியன், சூடானா நின்னுடுது" என்று திட்டிக்கொண்டே வந்து வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்காருவார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவ்வளவு பேசியதில்லை. ஊரார் வண்டியெல்லாம் சரி செய்கிறவருக்கு இது பிடிபடவில்லையே என்று அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு.

பிறகு அந்த நாள் வந்தது. பாதி வெட்டிய வரிசையை விட்டு விலகி, வீட்டைப் பார்த்துத் திரும்பி வண்டி நின்றிருந்தது. ஸ்டியரிங்கில் அவர் தலை கவிழ்ந்திருந்தது.

நின்ற வண்டியோடு வெயிலில் மல்லுக்கட்டித்தான் அவர் நெஞ்சு நின்றிருக்கும். நான்தான் கொன்றேன். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிச் சொல்லி உருகிக்கொண்டிருக்கிறாள்.

கொழுந்தன் கடைசியாக டேங்க் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியைத் திருப்பிப் பார்த்தவன் புருவத்தைச் சுருக்கினான்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் ஈரக்கையோடு எழுந்து வந்தாள்.

"அந்த மெழுகு நான் வெச்சது தம்பி."

"மெழுகா? அது பெட்ரோல் பட்டு எப்பவோ கரைஞ்சிருக்கும் அண்ணி. இது சோப்பு." குச்சியால் நோண்டி, நீலமாக ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினான். "பெட்ரோலுக்கு அசையாது, ஆனா வண்டி ஓடுற அதிர்வுல உதிர்ந்துடும். அப்பப்பப் புதுசா அப்பணும். பட்டறை ஆளுங்களுக்குத்தான் இது தெரியும். அண்ணனே எதுக்கு அடைச்சு வெச்சாரு?"

அவள் அந்தத் துணுக்கை விரல் நுனியில் வாங்கிப் பார்த்தாள்.

மூடியை ஒரு திருகு திருகிவிட்டால் வண்டி ஓடும் என்று தெரிந்த மனுஷன் எதற்கு அதோடு மல்லுக்கட்டப் போகிறார்? அன்றைக்கும் அவர் படியில் வந்து உட்காரத்தான் திரும்பியிருக்கிறார்.

குழாயடிக்கு வந்து உட்கார்ந்தாள். பொறியில் ரொட்டித்துண்டு கல்லாகக் காய்ந்து கிடந்தது.

சோப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த ஒரு மாதமாக எந்த எலியும் அதைத் தொடவில்லை.