ஷோகேஸில் இருப்பவள்

வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் அந்தச் சின்னக் கடையில் ஷோகேஸை ஜோடிப்பது சுகந்தியின் வேலை. இந்த முறை அதை ஓர் அறையாக்கியிருந்தாள். பிரம்பு நாற்காலி, மஞ்சள் விளக்கு, பாதி குடித்த காப்பி டம்ளர். யாரோ ஒருத்தி இப்போதுதான் எழுந்து உள்ளே போனதுபோல் தெரிவதற்காக நாற்காலி மெத்தையை முழங்கையால் அழுத்திக் குழியாக்கினாள்.

சாயங்காலம் அவளை அழைத்துப்போக வரும் அருணகிரி, தாலி கட்டிய நாளிலிருந்து ஹாரன் அடித்தே மனைவியைக் கூப்பிடுபவன், அன்று வண்டியை விட்டு இறங்கிக் கண்ணாடி முன்னால் நின்றான்.

“டம்ளரக்கூட எடுத்து வைக்காமப் போயிட்டா பாரு” என்று ஆசையாகச் சிரித்தான்.

“எவ?”

“இங்க இருக்கிறவதான்.”

வீட்டில் ஒரு டம்ளர் கிடந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்பவன். சுகந்திக்கு வயிறு எரிந்தது. மறுநாள் டம்ளரை எடுத்துவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

“இன்னைக்கு ஏதோ கோவமா இருக்கா போல” என்றான், குரல் தழைந்து. சுகந்தியின் கோபத்தை அவன் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

அடுத்த நாள் அவள் ஷோகேஸின் மிதியடிமேல் ஒரு ஜோடி ஆண் செருப்பை வைத்தாள். கொஞ்சம் தேய்ந்தது, அவன் காலைவிடப் பெரியது, உள்பக்கம் பார்த்தபடி.

அன்று அருணகிரி வெகுநேரம் நின்றான். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவன், தலை நிமிராமல் கேட்டான்.

“அது யாரு செருப்பு?”

சுகந்தி அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

“எனக்கென்ன தெரியும்? அவளத்தான் கேக்கணும்.”